உல்ஜானின் கவாத்துக் கத்தரி

இசிக்குல் ஏரிக்கரையில் பேரிக்காய் காய்க்காத வீடு கிடையாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண் தோட்டக்கலைப் பட்டம் படிக்கத் தலைநகரான பிஷ்கேக் போனால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். "கிளை வெட்டப் பட்டமா? என் கழுதைக்கும் ஒண்ணு வாங்கியாம்மா" என்றார் பக்கத்துத் தோட்டத்து ஜுமாஷ். உல்ஜானின் அப்பா தோக்தோசுன் மட்டும் சிரிக்கவில்லை. மகளுக்குச் சிவப்புப் பிடி போட்ட கவாத்துக் கத்தரி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் ஆண்டு ஜூனில், பல்கலைக்கழகத் தோட்டத்தில் கருகல் நோய் பிடித்த கிளைகளை அதே கத்தரியால் வெட்டிய கையோடு ஊருக்கு வந்தாள். நோய் கத்தரியில் ஒட்டிக்கொண்டு பரவும், சாராயத்தால் துடைக்காமல் அடுத்த மரத்தைத் தொடாதே என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, வோட்கா இருக்கா? கத்தரியைத் துடைக்கணும்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஜுமாஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பாவி! மனுசனுக்கே பத்தல, இரும்புக்கு ஊத்துறாளாம்! தோக்தோசுன், இதுக்குத்தான் படிக்க வச்சியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாழாய்ப்போன வெட்கம்! உல்ஜான் கத்தரியைச் சட்டையில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத் தங்கள் பேரிமரங்களில் கிளை வெட்டத் தொடங்கினாள். வெட்டிய அழகைப் பார்த்து ஜுமாஷே, "எங்க மரத்துலயும் கை வை தாயி" என்று கூப்பிட்டார். அங்கேயும் போனாள்.

ஜூலையில் இரண்டு தோட்டத்திலும் தளிர்கள் நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்து வளைந்தன. கண் பட்டுவிட்டது என்று ஜுமாஷ் மரத்துக்கு மரம் புகை காட்டினார். கறுத்த தளிரைக் கிள்ளிப் பார்த்ததுமே உல்ஜானுக்கு எது என்று தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் பழி இல்லை. ஆனால் ஊரில் ஒரு பேரிமரம் மிஞ்சாது.

"கண்ணு இல்ல மாமா. நோய். என் கத்தரிதான் கொண்டாந்துச்சு. இதையெல்லாம் வேரோட தோண்டி எரிக்கணும், இல்லாட்டி ஊரே போயிரும்."

ஜுமாஷ் காறித் துப்பினார். "உன் படிப்பு மண்ணாப் போக!" தான் சிரித்த சிரிப்பு அவருக்கு மறந்தே போயிருந்தது. அவளும் சொல்லிக்காட்டவில்லை.

அப்பா கோடரியை எடுத்தார். அந்த மரங்களை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"படிப்பை விட்டுர்றேம்ப்பா" என்று அழுதாள்.

முதல் மரத்தைச் சாய்த்துவிட்டு அப்பா சொன்னார். "நீ எதுக்கு விடணும்? வோட்கா புட்டி அலமாரியிலதான் இருந்துச்சு. அவன் சிரிச்சான்னு நான்தான் எடுத்துக் குடுக்கல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.