பேட்டரிக் கடையில் வளர்ந்த ஒயின்

ஓட்டல் முதலாளி பேட்டரிக்காரருக்கு நாற்பதாயிரம் கடன் பாக்கி வைத்திருந்தார். அதுவும் பேட்டரிக்காரரின் சொந்தக் காசில்லை; மனைவியின் வளையலை விற்று, அந்த ஓட்டலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார். ஓட்டலை இழுத்து மூடியபோது முதலாளி அந்தக் கடனுக்குப் பதிலாகப் பன்னிரண்டு ஒயின் பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார்.

"வருஷம் ஏற ஏற விலை ஏறும்யா. பத்திரமா பாத்துக்க."

பார்த்துக்கொள்ள இவருக்கா சொல்லித்தர வேண்டும்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தனியாளாய்க் கடை வைத்து, தெருவிலுள்ள பாதி வண்டிக்கு உயிர் கொடுத்தவர்! சார்ஜருக்கு மேலே பலகையில் பாட்டில்களை வரிசையாக நிற்க வைத்தார். வருஷம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். மட்டம் இறங்கியிருக்கும். பேட்டரியில் மட்டம் இறங்கினால் என்ன செய்வோம்? அதையேதான் செய்தார். கார்க்கைத் திருகி எடுத்து, கழுத்துவரை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, அடைத்து, மெழுகு வைத்தார்.

"என் வளையல் எப்பங்க வரும்?" என்பாள் மனைவி.

"ஊறிக்கிட்டு இருக்குடி. வந்தா நாலா வரும்."

இருபது வருஷம் ஊறியது. கார் பேட்டரி மாற்ற வந்த ஒயின் விடுதிக்காரர் ஒருவர் பலகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஒரு சொட்டுகூடக் குறையலையே! எப்படிண்ணே?"

"நம்ம பராமரிப்பு அப்படி." பேட்டரிக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மனைவி வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

விடுதிக்காரர் ஒன்றைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். முகம் பிழிந்த துணியானது.

"வினிகர் மாதிரி புளிக்குது. தண்ணியாவும் இருக்கு!"

"சாதாத் தண்ணியா? டிஸ்டில்ட் வாட்டர் தம்பி! ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாத்துத்தான் ஊத்துவேன்."

"பேட்டரி ஆசிட்டுக்குள்ள விடுவீங்களே, அதையா?"

"கழுவிட்டுத்தான்!"

அவர் வாசலுக்கு ஓடித் துப்பினார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னார்: "வயசானா எல்லா ஒயினும் ஒசந்துராதுண்ணே, முக்காவாசி கெட்டுத்தான் போகும். அதுலயும் இந்தச் சூட்டுல வச்சு, வருஷா வருஷம் திறந்து... லேபிள் அழகா இருக்கு. அலங்காரத்துக்கு எடுத்துக்கறேன். காலி பாட்டில் ஒண்ணு இருநூறு."

"உள்ள இருக்கறது?"

"கொட்டினாத்தான் இருநூறு."

பன்னிரண்டிலும் இருந்ததைச் சாக்கடைக்குக் கொடுத்தார் பேட்டரிக்காரர். பணத்தைப் பையில் செருகப் போனபோது மனைவியின் கை குறுக்கே நீண்டது.

"வெறும் பாட்டிலையே காசாக்கினவன்டி நான்!"

"சரிதான். எண்ணுங்க."

இரண்டாயிரத்து நானூறை வைத்தார். கை மூடவில்லை. பேட்டரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இழுப்பறையில் புது சார்ஜருக்குச் சேர்த்து வைத்திருந்த நோட்டுக்கட்டை எடுத்தார். எச்சில் தொட்டு, நாற்பதாயிரம் ஆகும்வரை அந்த உள்ளங்கையில் எண்ணி எண்ணி வைத்தார்.