கடற்கரையில் கொழுந்துக் கூடை

நான் வேலை செய்யும் வீட்டில் உடம்பு சரியில்லாவிட்டால்தான் தேநீர் குடிப்பார்கள். சைப்ரசுக்கு வந்த புதிதில் ஒரு காலை எனக்கென்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொள்ளும் முதிய அம்மாள், கிரேக்க மொழியில் 'அம்மணி' என்பதுபோல 'கிரியா' என்றுதான் அழைப்பேன், சமையலறை வாசலில் நின்று, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். நம்பவில்லை. அன்று முழுக்க எனக்குக் குழைந்த வெறுஞ்சோறுதான். இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் நான் என்று சொல்ல அப்போது மொழி தெரியவில்லை. மொழி வந்த பிறகு சொல்லத் தோன்றவில்லை.

ஊரில் டொலர் இல்லாமல் போய், மக்கள் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், ஞாயிறுகளில் லிமசோல் கடற்கரைப் பூங்காவில் கூடும் இலங்கைப் பெண்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பொருளையே வாங்குவோம், வேலை செய்யும் வீட்டுக்கும் ஒரு தேயிலைப் பெட்டி கொடுப்போம் என்றார்கள். நான் கொடுத்த பெட்டியைக் கிரியா மருந்து அலமாரியில் வைத்தார். இயக்கத்தை நடத்தியவர் மாத்தறையைச் சேர்ந்த தமயந்தி அக்கா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். "வீடியோ ஒன்று எடுக்கிறோம் நங்கி. நீ தோட்டத்துப் பிள்ளைதானே? சேலை கட்டி, கூடை மாட்டி, 'ரட்ட வெனுவென்' என்று சொன்னால் போதும்" என்றார் சிங்களத்தில். நாட்டுக்காக என்று அர்த்தம்; நங்கி என்றால் தங்கை. சரி என்றேன்.

ஊரிலும் அப்போது அதே பேச்சுதான். ஓர் அங்குல நிலத்தையும் சும்மா விடாதீர்கள் என்று அரசாங்கக் கிராம சேவகர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே வந்து கூட்டம் போட்டு மிளகாய்க் கன்று கொடுத்தார். மாவு விலை ஏறி, வீட்டில் ரொட்டி சுடுவது குறைந்திருந்தது. என் கணவர் செல்வம், லயத்துக்குக் கீழே தேயிலை செத்துக் காடாகிக் கிடந்த சரிவைத் துப்புரவாக்கி மரவள்ளி நட்டார். கிழங்கு வைக்கும் பருவம் வரை வளர்ந்துவிட்டது.

வீடியோ எடுக்கவிருந்த ஞாயிறு காலை அவர் போனில் கூப்பிட்டார்.

"மரவள்ளிய புடுங்கிட்டாங்க கலா."

"யாரு?"

"தோட்டத்து ஆளுங்கதான். கங்காணி நின்னு புடுங்க வச்சாரு. தோட்டத்துக் காணில கேக்காம நட்டது தப்பாம்."

"கிராம சேவகர் சொன்னாருன்னு சொல்லலீங்களா?"

"சொன்னேன். அது காணி உள்ளவங்களுக்குச் சொன்னதுன்னாரு."

அவர் குரலில் கோபமில்லை. எனக்கும் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

பூங்காவில் ஜீன்ஸுக்கு மேலேயே சேலையைச் சுற்றிவிட்டார்கள். பூக்கடைக் கூடை ஒன்றைக் கயிறு கட்டி மாட்டினார்கள். கடலைப் பார்த்து, "ரட்ட வெனுவென்" என்றேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தமயந்தி அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவரிடம் மரவள்ளியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டேன். அந்த வழியே போன வெள்ளைக்காரர் ஒருவர், "இந்தியாவா?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

அடுத்த வாரம் செல்வம் பேசினார். "ஒன் வீடியோ லயம் முழுக்கச் சுத்துது. கங்காணியும் எல்லாருக்கும் அனுப்பியிருக்காரு, 'நம்ம தோட்டத்துப் புள்ள'ன்னு போட்டு."

பிறகு ஒரு படம் அனுப்பினார். லயத்துச் சுவரோரம் பழைய உரச் சாக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரவள்ளிக் குச்சி.

"இதையும் புடுங்குவாங்களா?"

"சாக்கு நம்மளுது. போகச் சொன்னா தூக்கிக்கிட்டுப் போயிரலாம்."

"மண்ணு?"



"தோட்டத்து மண்ணுதான்."