கை தானாகப் போகிற இடம்

சாமு அண்ணன் இறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் கண்ணாடி இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு ஆள் உயரக் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்தேன். அவர் மனைவி மேரி அக்கா பேசினார்.

“குமாரு, அண்ணன் எழுந்திருக்கலபா. டீ வச்சிக்கினு எழுப்பறோம், எழுந்திருக்கவே இல்ல.”

பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்கு இருவரும் முந்தின நாள்தான் போயிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அழுகைக்கு நடுவே அக்கா ஒன்று சொன்னார்: “ஆம்புலன்ஸ் வேணாம்னுட்டேன். குமாரு வண்டி ஒண்ணுதான் ஆடாதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. நீயே வந்து முசரவாக்கத்துல நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுபா.”

வருகிறேன் என்றேன். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். அவரை ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தின் வழியாகத் திரும்ப வேண்டும். பாலம் முடிந்து செவிலிமேட்டுக்கு இறங்குகிற வளைவில் என் இடது பக்கத்து சீட்டில் அவர் இருக்கமாட்டார். செத்தவர் முகத்தை நினைக்காமல் ஒரு வளைவை நினைத்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

படத்திறப்பில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்கு மைக்கில் பேச வராது, அதனால் எழுதித் தருகிறேன். வண்டி வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கடைசி இரண்டு வருஷமாக அவர் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டு என் வண்டியில் ஏறிப் போனதையும் பார்த்திருப்பீர்கள். “சாமு கிளீனர் வேலைக்குச் சேர்ந்துட்டாராடா?” என்று என்னைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். இரண்டு பேரும் குடிக்கப் போகிறோம் என்று பேசியவர்களும் இருக்கிறீர்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

செவிலிமேட்டில் அவர் ஷெட்டுக்கு நான் முதலில் போனது செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கிய மறு வாரம். எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் தறியில் இருக்கிறார்கள். நான் ஒருவன்தான் கண்ணாடி ஏற்றுகிறேன் என்று கிளம்பினேன். கண்ணாடியை நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அதோடு தொழிலும் உடைந்தது. பின் அச்சில் ஸ்பிரிங் பட்டைகளுக்குத் துணையாக பக்கத்துக்கு ஒரு காற்றுப் பை வைப்பார்கள், பலூன் என்போம். ஓட்டுகிறவன் பக்கத்தில் இரண்டு சுவிட்ச் இருக்கும். மேலே தட்டினால் காற்று ஏறும், கீழே தட்டினால் இறங்கும். இடது பலூனில் எவ்வளவு, வலதில் எவ்வளவு என்று காட்ட ஒரே கேஜில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முள் இருக்கும். இந்த வேலையில் சாமு அண்ணனை அடிக்க ஆள் கிடையாது.

மற்ற கடையில் போனவுடன் டிரில்லைத் தூக்குவார்கள். இவர் டேஷ்போர்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஓட்டுகிறவனை சீட்டில் உட்கார வைப்பார். “கண்ணை மூடிக்கோபா. வண்டி ஓடிக்கினு இருக்குதுன்னு நினைச்சிக்கோ. இப்போ கையை நீட்டு.” கை போய் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அங்கேதான் சுவிட்ச் வைக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைப்போம். அந்த வட்டத்தை விட்டுவிட்டு வேறு எங்கே வேண்டுமானாலும் வைப்பார். “கேஜ் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும், சுவிட்ச் யோசிச்சாத்தான் கைக்குக் கிடைக்கணும். தானாப் போற கை உன் கை இல்லபா” என்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எங்க வூட்டுல கை தானாப் போவலன்னா புடவையே வராதுண்ணா” என்றேன்.

“புடவை கவுந்துடாதுபா” என்றார்.

அன்றைக்கு என் கை ஸ்டீயரிங்குக்கு இடது புறம், ரேடியோவுக்குக் கீழே ஒரு இடத்தில் போய் நின்றது. வட்டம் போட்டார். என்னுடன் வந்த மச்சான் ஏகாம்பரம், “நானும் ஓட்டறவன்தானே, என் கையையும் பாருங்க” என்று ஏறி உட்கார்ந்தான். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், கையும் நீளம். அவன் கையும் அதே வட்டத்துக்குள்தான் போனது. சிரித்தோம். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை டீ மாஸ்டர் கிளாஸ் எடுக்க வந்தார். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாத மனிதர். விளையாட்டுக்காக அவரையும் பிடித்து உட்கார வைத்தோம். கண்ணை மூடினார், கையை நீட்டினார். விரல் நுனி வட்டத்தின் நடுவில் இரண்டு முறை தட்டியது.

சாமு அண்ணன் சிரிக்கவில்லை. எங்களை டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தபோது ரேடியோவுக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. “சுவிட்ச் மேல போடறேன்” என்றார். மேலே என்றால் கேபின் கூரையில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால். தலையைத் தூக்கிக் கையை உயர்த்தினால்தான் எட்டும். “நான் என்ன ஹெலிகாப்டரா ஓட்டப் போறேன்?” என்று சண்டை போட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேஜை மட்டும் முன் கண்ணாடித் தூணில் கண்ணுக்கு நேரே வைத்தார், விளக்கு உறுத்தாத மாதிரி. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, காதை வைத்துக் கேட்டு, எல்லாம் பழுதில்லாமல் முடித்தார். ஆனால் ஒரு முறை கூட டிரைவர் சீட்டில் அவர் உட்காரவில்லை. இடது கதவு வழியாகவே ஏறி, உடம்பை வளைத்து முழு வேலையையும் செய்தார். வேறு எந்த வண்டியிலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி இறக்கிவிட்டு மிச்ச லோடோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் நேரம். பாலம் முடிந்து சாலை வலது கைப்பக்கம் திரும்பும்போது என் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு இறங்கியது. நான் இறக்கவில்லை. ரேடியோவுக்குக் கீழே போய் வெறும் பிளாஸ்டிக்கை இரண்டு முறை தட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கை திரும்பி வந்தது. ஏதோ அசதி என்று விட்டுவிட்டேன். அடுத்த முறையும் அதே வளைவில் அதே மாதிரி இறங்கியது. போகும்போது ஒன்றும் இல்லை, வரும்போது மட்டும். மூன்றாவது முறை வண்டியை நேராக அவர் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் அந்த மூடியைக் கழற்றினார். பிளாஸ்டிக் புதுசு, யாரோ மாற்றியிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த இரும்புப் பட்டையை மாற்றவில்லை. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். வெட்டிவிட்ட வயர் முனைகளில் மஞ்சள் டேப்பைச் சுற்றிக் கடைசியில் ஒரு மடிப்பு மடித்திருந்தது. அந்த மடிப்பு யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“இது நான் போட்ட ஓட்டைபா” என்றார்.

என் வண்டி அப்போது வேறு நிறம், வேறு சொந்தக்காரர். பந்தல் சாமான் ஏற்றுகிறவர். பெயர் வேண்டாம், அவர் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. அந்த நாளில் சாமு அண்ணனும் எல்லோரையும் போலத்தான், கை போகிற இடத்தில் சுவிட்சை வைப்பார். கண்ணை மூடச் சொல்லி அந்தச் சொந்தக்காரர் கை போன இடத்தில் வைத்துக் கொடுத்தார். ஆறே மாதத்தில் அந்த வளைவில் வண்டி இடது பக்கமாகக் கவிழ்ந்தது. ஓட்டிய அந்தச் சொந்தக்காரர் இறந்துவிட்டார். போலீஸில் வேகம் என்று எழுதி முடித்தார்கள். கவிழ்ந்த வண்டியைப் பார்க்கப் போன அண்ணன் கேஜைப் பார்த்தார். வெள்ளை முள் நின்ற இடத்தில் நின்றது, சிவப்பு முள் சுத்தமாகக் கீழே படுத்திருந்தது. வலது பக்கம் திரும்பும்போது, பாரமெல்லாம் சாய்கிற இடது பலூனின் காற்றை ஓட்டியவர் கையே இறக்கிவிட்டிருக்கிறது.

“அவரு தூங்கல, குடிக்கல. கை பழகிப்போயி தட்டிடுச்சு. பழக்கிக் குடுத்தவன் நான்” என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

வண்டியை விற்றுவிடட்டுமா என்று கேட்டேன். அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும். “வித்தா இன்னொருத்தன் வாங்குவான். அவனுக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும், அதனால உங்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பக்கம் லோடு போனா எனக்கு ஒரு போன் போடு” என்றார்.

இதுதான் நீங்கள் பார்த்த கதை. ஷெட்டைப் பூட்டிவிட்டு வருவார், இடது சீட்டில் ஏறுவார், போகும்போது அரசியல் பேசுவார், என் கல்யாணத்தைப் பற்றிக் கிண்டல் செய்வார். திரும்பும்போது பாலத்தின் நடுவிலேயே பேச்சை நிறுத்திவிடுவார். வலது உள்ளங்கையை விரித்து ரேடியோவுக்குக் கீழே அந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொள்வார். வளைவில் என் கை இறங்கும். அவருடைய புறங்கையில் படும். கொஞ்சம் நிற்கும், பிறகு திரும்பி ஸ்டீயரிங்குக்கு வரும்.

“வந்துச்சா?” என்று கேட்பார்.

“வந்துச்சுண்ணா.”

“போச்சா?”

“போச்சுண்ணா.”

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். செவிலிமேட்டில் டீ குடித்துவிட்டு அவர் ஷெட்டுக்குப் போவார், நான் லோடோடு போவேன். ஒரு நாள் துணிந்து கேட்டேன்: “அங்கதான் சுவிட்சே இல்லையே, தட்டிட்டுப் போவட்டுமே, நீங்க ஏண்ணா மெனக்கெடறீங்க?” அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தட்டறவருக்கு இல்லன்னு தெரியாதில்ல. யாராவது புடிச்சிக்கணும்.” அவர் ஜன்னலை இறக்கிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

அவர் இறந்த அன்றைக்கு மகள் வீட்டு வாசலில் அவரைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினோம். மருமகனும் உறவுக்காரர் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் தலையைத் தூக்கி, கூரையில் அவர் வைத்த சுவிட்சைத் தட்டிக் காற்றை ஏற்றினேன். சிவப்பும் வெள்ளையும் ஒரே கோட்டில் நின்றன. மேரி அக்கா முன்னால் என் பக்கத்தில் ஏறினார். அவர் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. அண்ணன் அவரிடம் எதையும் சொன்னதில்லை. கண்ணாடிக்குத் துணையாகப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பாலம் வரைக்கும் அக்கா அழுதுகொண்டே வந்தார். நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன், விரல் வலித்தது. பாலத்தின் நடுவில் அக்காவின் அழுகை நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவர் இருக்கிறார், குலுங்கக் கூடாது, அவ்வளவுதான் நினைப்பு. சாலை வலது பக்கம் திரும்பியது. என் இடது கை பிடியை விட்டது. இறங்கியது.

பிளாஸ்டிக்கில் படவில்லை. ஒரு புறங்கையில் பட்டது.

மேரி அக்கா வலது உள்ளங்கையை விரித்து அந்த இடத்தில் அழுத்தி வைத்திருந்தார். கண் நேராகச் சாலையில் இருந்தது. என் கை கொஞ்சம் நின்றது, பிறகு திரும்பி வந்தது. வண்டி வளைவைத் தாண்டியது. செவிலிமேடு வீடுகள் தெரிய ஆரம்பித்த பிறகு ஓரமாக நிறுத்தினேன்.

“அக்கா, அங்க ஏன் கை வச்சீங்க?”

அவர் தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியலபா. கை தானாப் போச்சு.”

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். டிரில்லை மருமகன் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். தலையைத் தூக்கிக் காற்று ஏற்றும்போதெல்லாம் அவர் சொன்ன யோசனை என் கையில் இருக்கிறது, அது போதும். வண்டியை நான் விற்கமாட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இப்போதும் லோடு போகிறது, தனியாகத்தான் வருகிறேன், இடது சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. வளைவில் கை இறங்குகிறது. பிளாஸ்டிக்கில் படுவதற்கு முன்னாலேயே எதன் மேலோ பட்டு நிற்கிறது. அது என்ன என்று நான் குனிந்து பார்த்ததில்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் “வந்துச்சுண்ணா” என்று சொல்லிவிடுகிறேன். கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியதும் “போச்சுண்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் கியரை மாற்றுகிறேன்.