கெட்ட சேதிக்கு மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

முதலில் 'இல்லை' என்று அடிக்கிறாள். பிறகு கர்சரை அந்த வார்த்தைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, மீதியைச் சேர்க்கிறாள்: 'நுரையீரலில் கட்டி எதுவும்'. வாக்கியம் முடிவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து தொலைத்தாலும் அந்த 'இல்லை' மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் அவளுக்கு.

ஸ்கேன் சென்டரிலிருந்து டாக்டர் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, நோயாளிக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவது அவள் வேலை. சென்டரில் எல்லோருக்கும் அவள் 'ரிப்போர்ட் அக்கா'. வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவள் மேஜை. அதன் அடியில், இடது காலை ஒட்டினாற்போல், அவளே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர். "நானே பூட்டினது. கெட்டுப்போனா திட்டுறதுக்குக்கூட வேற ஆளில்ல" என்பாள்.

மூன்று மாதமாக அது சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் தானாகவே மறுபடி எழுந்துகொள்கிறது. ஒருமுறை 'மார்பில் ஒரு கட்டி தெரிகிறது' என்ற வரி தப்பித்தது. 'வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை' என்ற அடுத்த வரி போய்விட்டது. அவசரத்தில் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டாள். தாளை வாங்கிய பெண் சென்டர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம், சாயங்காலம்வரை. அதைக் கேட்ட நாளிலிருந்துதான் ரிப்போர்ட் அக்காவுக்கு 'இல்லை'யை முதலில் அடிக்கும் இந்தப் பழக்கம்.

பார்க்காத வைத்தியமில்லை. சூடாகிறதோ என்று தூசி தட்டி, ஃபேனை மாற்றினாள். ரேம் இரண்டையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பவர் சப்ளையின் மேல் சந்தேகப்பட்டுக் கடைக்குத் தூக்கிப்போனாள். மெக்கானிக் மேஜைமேல் வைத்து இரண்டு நாள் ஓடவிட்டு, "தங்கமா ஓடுது மேடம். உங்க வீட்டு கரண்ட்லதான் கோளாறு" என்றார். யுபிஎஸ் வாங்கி வைத்தாள். அதற்கும் மசியவில்லை.

அப்புறம்தான் நாள்காட்டியில் குறிக்கத் தொடங்கினாள். பதினான்கு முறை. பதினான்கும் மோசமான ரிப்போர்ட். சாதாரண எலும்பு முறிவுக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

கணுக்கால் சுளுக்கி லீவு போட்டிருந்த நாத்தனார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இதுக்குக் காது இருக்குடி. கெட்ட சேதின்னா மட்டும் அணையுது."

"போங்கண்ணி, பகல்லயே பயமுறுத்திக்கிட்டு!" என்று சிரித்தாலும், நாத்தனார் மேஜையடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு ரிப்போர்ட் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் டாக்டர், "கல்லீரல் பூரா..." என்று ஆரம்பித்தார். திரை இருண்டது.

"அண்ணி, உங்க கால்!"

"காலுக்கு என்ன?"

"தந்தியடிக்குது! முட்டி போய் டப்பாவுல இடிச்சுது, பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு."

ஹெட்போன் மாட்டினால் உடம்பு முழுக்கக் காதாகிவிடும் அவளுக்கு. கால் நடுங்குவது எங்கே தெரியப்போகிறது? பக்கத்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய பவர் கேபிள் ஒரு பக்கம் நகக்கண் அளவு மேலே தூக்கியிருந்தது.

"பூட்டின அன்னிக்கு இதை அழுத்தும்போது போர்டு வளைஞ்சுது. உடைஞ்சுடுமோன்னு பயந்து விட்டுட்டேன்" என்றாள்.

இப்போதும் அதே பயம்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். போர்டு முனகியது. 'டக்' என்று கொக்கி விழுந்தது.

மறுபடி ஓடவிட்டு, முட்டியால் வேண்டுமென்றே இடித்தாள். இன்னும் பலமாக இடித்தாள். கம்ப்யூட்டர் அசரவில்லை. நாத்தனார் கைதட்டினாள்.

"அவ்வளவுதாண்ணி! இனிமே எது வந்தாலும் அணையாது."

"எது வந்தாலுமா?"

பாதியில் நின்ற ரிப்போர்ட்டை முடித்து அனுப்பினாள். வரிசையில் அடுத்த பதிவு காத்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"வயசு இருபத்தொம்பது. கணையத்துல, தலைப்பக்கம்..." டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இந்தத் தடவை கால் நடுங்குவது அவளுக்கே தெரிந்தது. முட்டி தகட்டில் பட்டுப்பட்டு ஒலித்தது. ஃபேன் சீராகச் சுற்றியது. திரை இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுத்தார்.

அவளே கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.