கை எடுக்கும் முன்

எங்கள் வண்டி, உலகப்போர் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டுப்போனது. அதிலிருந்த பெட்ரோல் எஞ்சினை யாரோ கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பலகைத் தொட்டி. இப்போது பிக்கப் என்கிறார்கள், அன்று பாறசாலைப் பக்கம் அதற்குக் குட்டி லாரி என்று பெயர். வெள்ளறடையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தையில் இறக்குவது என் பிழைப்பு.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. எங்கள் பக்கத்தை மலையாள மாநிலத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று எழுதிய தட்டி ஒன்றை வண்டியின் பின்பலகையில் கட்டியிருந்தேன். நெய்யாற்றின்கரையில் வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக், அதை அவிழ்த்துவிட்டு வந்தால் வேலை செய்து தருவதாகச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு முன்னால் ஆள் கூடிவிடும் என்று பயந்தான். நான் அவிழ்க்கவில்லை. அன்று முதல் வண்டி வேலையெல்லாம் எங்கள் முற்றத்திலேயே நடந்தது.

வேலை தெரிந்தவர் என் தங்கையின் புருஷன். அமரவிளையில் ஒரு நெல்லுமில்லில் டீசல் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்தவர், எங்களோடு தமிழ் பேசுவார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வளவிலேயே தெற்கு ஓரத்தில் ஒரு வீடு வைத்துக்கொண்டு இருந்தார்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து அவர் டீசல் வடிகட்டுவார். எஞ்சின் மூட்டுகளில் ஒழுகாமல் இருக்கக் கித்தானும் அட்டையும் வெட்டி பாக்கிங் செய்வார். உடைந்த வில்பட்டையைக் கழற்றிக் கொல்லனிடம் சுமந்துபோய் ஒட்டவைத்துக் கொண்டுவருவார். எனக்கு அந்த வேலை எதுவும் தெரியாது. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் குறை சொல்வதும்தான் என் பங்கு.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது போராட்டத்தால்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையல்ல. என் வண்டி அவர் கைக்கு அடங்கியது, எனக்கு அடங்கவில்லை.

ஒருநாள் காலையில் வண்டி கரும்புகையாகத் தள்ளியது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஒரு நாசில் சரியாகப் பீச்சவில்லை என்றார். டீசலை எஞ்சினுக்குள் பொடியாகத் தெளிக்கிற சின்னக் குழாய்முனை அது. அதைக் கழற்றி வெளியே திருப்பி அதே பைப்பில் மாட்டினார். நான் கேபினில் இருந்து ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். அது பனிபோலத் தெளிக்கிறதா, நூலாகப் பாய்கிறதா என்று அவர் பார்ப்பார். அப்போது முன்னால் கை வரக்கூடாது, டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறிவிடும் என்று என்னிடம் அவரே இரண்டு தடவை சொன்னார்.

போராட்டத்துக்கு என்னோடு வரும் கூட்டாளிகள் இரண்டு பேர் சாக்குகளின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவரிடம், மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று கேட்டான். எல்லையை எங்கே போட்டாலும் மரச்சீனி விற்க நெய்யாற்றின்கரைக்குத்தானே போகணும் என்று அவர் குனிந்தபடியே சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. எனக்குக் காது சூடானது.

நாசில் முனையில் அழுக்கு இருந்தது போல. அதை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பொறுக்கணும் அண்ணாச்சி. கை எடுக்கேல்ல."

எனக்கு நன்றாகக் கேட்டது. நான் அழுத்தினேன்.

அவர் கையை உதறிவிட்டு விரலைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு சின்னப் புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

"முள்ளு கொண்டதுக்கு இப்பிடி நிக்குதீரே" என்றேன். கூட்டாளிகள் மறுபடியும் சிரித்தார்கள்.

அவர் நாசிலைப் பிரித்துக் கழுவித் திருப்பி மாட்டி, பம்பிலிருந்து காற்றை எடுத்து, உச்சிவேளைக்குள் வண்டியைச் சரியாக்கிவிட்டார். புகை நின்றது. விரல் மரத்துப்போயிருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் அவரைத் தேங்காய் ஏற்ற வைத்தேன். சாயங்காலம் கை முழங்கை வரைக்கும் தெறிக்கிறது என்று அவர் மட்டை வெட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தங்கை உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று அந்தி மங்கும் முன் அவள் என்னிடம் வந்தாள். மறுநாள் கடையடைப்பு, பஸ் ஓடாது. தெற்கே பெரிய ஊர்வலம். ஆள் ஏற்றிக்கொண்டு வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அவருக்க கை கறுத்து வருது அண்ணா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும். வண்டி எடுக்கணும்."

"வண்டி ஓடாது மக்கா" என்றேன். "எஞ்சின் கழத்திப் போட்டிருக்கு."

அவள் வண்டி நின்ற ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனட் மூடித்தான் இருந்தது. பிறகு தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

விடிந்ததும் ஸ்டார்ட்டர் சத்தம் அவளுக்குக் கேட்கக்கூடாது என்று நாலு பேரை வைத்து வண்டியைத் தள்ளி ரோட்டுக்கு இறக்கி, சரிவில் உருட்டி கியரில் போட்டுக் கிளப்பினேன். அமரவிளைக்குப் போய் ஆள் ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினேன். தொட்டியில் இருபது பேருக்குக் குறையாது. கோஷத்தில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வைக்கோலின் மேல் அவர் சாய்ந்திருந்தார். கையைத் துணியில் சுற்றி, தங்கை தன் தோளில் தூக்கி வைத்திருந்தாள். ரோடு அங்கே குறுகல், மாட்டுவண்டிக்காரன் எனக்காக ஒதுங்கி நின்றான். பிரேக்கின் மேல் கால் போனது உண்மை. பக்கத்தில் இருந்த கூட்டாளி என் முகத்தைப் பார்த்தான். காலை எடுத்துவிட்டேன். அவள் கை எட்டும் தூரத்தில் கடந்துபோனேன். அவள் தலை திருப்பிப் பார்க்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் முடியாது என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். முதலில் இரண்டு விரலை வெட்டி எடுத்தார்கள். ஒரு வாரத்தில் மணிக்கட்டோடு. முந்தின நாளே வந்திருந்தால் விரலோடு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். என் அம்மாவிடம் தங்கை அதைச் சொன்னாள். வண்டி ஓடாது என்று அண்ணன் சொன்னதையும் சொன்னாள். அம்மா அதன்பிறகு எனக்குச் சோறு போடும்போது பேசுவதை நிறுத்தினாள்.

பொறுக்கணும் என்று தான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் அது கேட்டிருக்கும். அவர்களும் சொல்லவில்லை.

ஒற்றைக் கையோடு மில்லில் வேலை கிடைக்கவில்லை. பாலராமபுரத்தில் அவருடைய அக்காள் வீட்டுப்பக்கம் போய்விட்டார்கள். தங்கை தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். பிறகு எல்லையும் போட்டார்கள். தெற்கே சில தாலுகாக்கள் தமிழகத்தோடு போயின, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். கூட்டாளி ஒருவன் அந்த நெய்யாற்றின்கரை மெக்கானிக்கிடமே டிரைவராகச் சேர்ந்தான்.

ஒரு தடவை பாலராமபுரத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். வண்டி மறுபடியும் புகைந்தது, எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை. அதற்காகத்தான் போனேன். அவர் வாசலுக்கு வந்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டார். இடது கையால் ஸ்பானர் பிடிக்க வரவில்லை. எந்த நட்டு, எத்தனை திருகு என்று அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஸ்டார்ட்டர் அழுத்தும்போது மட்டும் அவர் நாலடி தள்ளிப் போய், சுவரோடு சேர்ந்து நின்றார்.

தங்கை டீ கொண்டுவந்து போனட்டின் மேல் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போணும்" என்றாள். "இனி வரண்டாம்."

அவர் அவளைப் பெயர் சொல்லி அடக்கப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். நான் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஏற்றத்தில் நன்றாக இழுத்தது.