நாற்பத்தெட்டு வயதில் தொழில் படிக்கப் போன அப்பா

எங்கள் குடும்பத்துப் பெரியோர்களுக்கும், உற்றார் உறவினர்க்கும், அப்பாவின் பட்டறைத் தோழர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அழுதுகொண்டு எழுத எனக்கு மனமில்லை. நிமிர்ந்து நின்று சொல்லவே விரும்புகிறேன். அவருடைய வாழ்வில் இரங்கத் தக்கது சிறிது. எடுத்துச் சொல்லத் தக்கதே பெரிது.

அப்பா பிறந்தது பனமரத்துப்பட்டியில். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, நாமக்கல்லில் குடியேறினார். இருபத்திரண்டு ஆண்டுகள் முட்டையும் இரும்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு வடநாடு வரை சென்று வந்தார். சர்க்கரை நோய் அவருடைய கண்ணைத் தொட்டபோது, இனி லாரி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போது அப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அண்ணன் கல்லூரியிலும் நான் பள்ளியிலும் படித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலைக்கு அழைத்தார்கள். நிழலான வேலை, நாற்காலியும் உண்டு. அப்பா மறுத்துவிட்டார். "உக்காந்து கேட்டைப் பாத்துக்கிட்டிருக்க எனக்கு இன்னும் வயசாகலை. லாரிக்குப் பாடி கட்டக் கத்துக்கப் போறேன்" என்றார்.

அம்மா திகைத்துப் போனார். "இந்த வயசுல கையாளாவா? நாலு பேரு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"படிக்கப் போயிருக்காருன்னு சொல்லு."

லாரிகளுக்கு மேற்கூடு கட்டும் அந்தப் பட்டறையின் மேஸ்திரி அப்பாவை விடப் பதினைந்து வயது இளையவர். அவருக்கும் தயக்கம். "அண்ணா, உங்க வயசுக்கு நான் எப்படிங்க வேலை ஏவறது?" என்று கேட்டாராம்.

"வயசை வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டனுங்க. செருப்புக்குப் பக்கத்துல கெடக்குது" என்றாராம் அப்பா.

பட்டறையில் கேலிக்கும் குறைவில்லை. "ஏனுங்க டிரைவரண்ணா, ஸ்டியரிங் இல்லாம கை சும்மா இருக்குதுங்களா?" என்று ஒருவர் கேட்க, "இருக்குது சாமி, அதான் சுத்தியலை வாங்கிக்கிட்டேன்" என்று சிரித்தாராம். பலகை சுமந்தார், இரும்பு அறுத்தார், தம்பி வயதுக்காரர்களிடம் அளவு கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாண்டு கற்று முடித்தவரை நம்பி ஒரு லாரியை முழுதாக ஒப்படைப்பது அப்பட்டறையின் வழக்கம். அதன்பின் அவர் கையாள் அல்லர், மேஸ்திரி. அந்த ஒரு லாரிக்காகவே அப்பா ஒவ்வொரு நாளும் எழுந்தார் என்பதை எங்கள் வீடு அறியும். ஆனால் அங்கே இன்னொரு சட்டமும் இருந்தது: தான் செய்த வேலையில் பிழையோடு வண்டியை வெளியே அனுப்பியவர், ஆறு மாதம் பலகை சுமக்கத் திரும்ப வேண்டும்.

மூன்றாண்டு நிறைய இரண்டே மாதம் இருந்தது. அப்பாவும் கை வைத்த ஒரு புது லாரிக்குப் பட்டறையில் பூசை நடந்தது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்ட வண்டி நிற்கக் கூடாது என்பது லாரிக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. வண்டிக்கு அடியில் எங்கோ 'டொக்' என்றொரு சத்தம். மேளச் சத்தத்தில் அது அப்பாவைத் தவிர வேறெவர் காதிலும் விழவில்லை.

அப்பா இரு கைகளையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி நின்றார்.

லாரி உரிமையாளர் கொதித்தார். "பழம் நசுங்குன வண்டிய நிறுத்துவாங்களாய்யா? லாரி ஓட்டுன உனக்கே தெரியாதா?"

"தெரியுமுங்க. பாடியை அடியில இருக்கற சேசிஸோட பூட்டற போல்ட்டு ஒண்ணு, கையால திருகிட்டு ஸ்பேனர் போட மறந்துட்டனுங்க. தப்பு என்னோடதுங்க."

"அதுக்கு? நல்ல நேரத்துல அபசகுனம் பண்ணுவியா?"

"பழம் போனா இன்னொரு பழம் இருக்குதுங்க. இந்த டிரைவர் போனா, அவங்க ஊட்டுல இன்னொருத்தர் இல்லீங்க."

மேளம் நின்றது. ஓட்டுநரே இறங்கி வந்து, அப்பாவோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். நட்டு விரலுக்கே சுழன்றது.

"எப்படிங்ணா கேட்டுச்சு?" என்றார் மேஸ்திரி.

"இருபத்திரண்டு வருசமா என் முதுகுக்குப் பின்னால கேட்ட சத்தமுங்க அது."

வண்டி வாசலைத் தாண்டவில்லை என்பதால் சட்டம் பொருந்தாது என்று மேஸ்திரி வாதாடினார். அப்பா ஏற்கவில்லை. "பழம் நசுங்குனாலே வண்டி வெளிய போன மாதிரிதானுங்க. மத்தவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுங்களா?" மறுநாள் காலை பலகை சுமந்தார். ஒரு நாள் குறையாமல் ஆறு மாதம் சுமந்தார். மேடைகளில் நேர்மையைப் பற்றி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்த ஆறு மாதத்துக்கு நிகராக ஒரு சொல்லும் என்னிடம் இல்லை.

ஆறு மாதம் முடிந்த அன்று, சர்க்கரை மூட்டை ஏற்றும் லாரி ஒன்று அப்பா கைக்கு வந்தது. அதன்பின் அவர் கட்டியவை பல. இன்றும் அப்பட்டறையில் பூசைக்கு முன்பே புது வண்டியைப் பத்தடி உருட்டி, ஒருவர் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பழம் வைக்கிறார்கள். அது அப்பா ஏற்படுத்திய வழக்கம்.

பிறகு சிறுநீரகம் பழுதானது. கடைசிப் பத்து மாதங்கள் வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றவர்கள் பட்டறைத் தோழர்கள். முறை வைத்து வந்தார்கள், ஒருமுறையும் தவறவில்லை. கனிவோடு கவனித்த செவிலியர்க்கும், அம்மாவைத் தனியே விடாத அண்டை வீட்டார்க்கும், தோள் கொடுத்த உறவினர்க்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

மேஸ்திரிக்கு மட்டும் தனியே ஒரு நன்றி. இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில், தொழில் என்ற இடத்தில், எங்கள் பள்ளிப் படிவங்களில் எழுதிய பழக்கத்தில் அண்ணன் 'ஓட்டுநர்' என்று எழுதினார். அருகில் நின்ற மேஸ்திரி அவர் கையைப் பிடித்தார்.

"அடிச்சுட்டு எழுதுங்க தம்பி. பாடி மேஸ்திரி."

அண்ணன் அடித்துவிட்டு எழுதினார்.