நாற்பத்தொரு சீட்டுகள்

டென்மார்க்கின் யூட்லாந்து முழுவதிலும் பேய்க்குப் பயப்படாத ஒரே தமிழன் நான்தான். இது பெருமையடிப்பு அல்ல, தகவல். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்கள் கணினியில் பதிவாகியிருக்கின்றன.

விபோர்க்கிற்கு வெளியே ஒரு பிரபுவின் பழைய மாளிகை. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு வேலை இல்லை. வண்ணத்துப்பூச்சி பிடித்தார்கள். அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். இந்தப் பிரபு ஊசி குத்தி வைத்துவிட்டுப் போன பூச்சிகளைக் கணினியில் பதிவதுதான் எனக்குத் தந்த பயிற்சி வேலை. கடைசித் தட்டில் நாற்பத்தொரு பூச்சிகள். எல்லாம் 1891 யூலை. நான்கு மணிக்குள் அனுப்பாவிட்டால் பயிற்சியில் பெயில். இன்னும் ஆறு மாதம் இதே பூச்சி.

கூட வேலை செய்யும் கிருபாஷினி அக்கா, தன் பதிவுகளில் 'யார் பிடித்தது?' என்ற இடத்தில் பிரபுவோடு 'மாரென்' என்றும் சேர்த்து எழுதுவார். மாரென், அந்த வீட்டு வேலைக்காரப் பிள்ளை.

"வலையோட ஓடினது அவள்தானே, தம்பி."

"ஓம் அக்கா. பென்சனும் எடுத்துக் குடுங்கோவன்."

மூன்று மணிக்கு அக்கா போய்விட்டார். டிசம்பர். 15:38க்கே வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

15:41. நாற்பத்தொன்றுக்கும் ஒரேயடியாகப் பிரபுவின் பெயரை அடித்துச் சேமித்தேன். திறந்து பார்த்தேன். பெயர் இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. மென்பொருள் செய்தவனின் பரம்பரையையே திட்டினேன். நாலாவது தடவையும் இல்லை.

15:49. தட்டுக்குள் டிக்... டிக்... கண்ணாடி மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே, அதே ஊசியில், பிரபுவின் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். நாற்பத்தொன்றும் கவிழ்ந்திருந்தன. ஊசியைக் கழற்றாமல் சீட்டைக் கவிழ்க்க முடியாது.

15:53. அக்காவுக்கு அழைத்தேன்.

"தட்டைத் தொட்டனீங்களோ?"

"இல்லையே. ஏன்ரா?"

"சும்மா..."

15:56. டிக்...

இந்தமுறை தட்டுக்குள் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

15:58. பிரபுவின் பெயரை அடித்தேன். பக்கத்தில்... மாரென்.

சேமித்தேன்.

சத்தம் நின்றது. 15:59க்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை அக்கா தேவாலயப் பதிவேட்டின் படியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"நான் பிழை விட்டிட்டன், தம்பி. மாரென் 1890 மார்ச்சிலேயே செத்திட்டாள். கடைசித் தட்டிலை அவளின்ரை பேரை எடுத்துவிடுவம்."

"வேண்டாம், அக்கா. இருக்கட்டும்."

அக்கா தேத்தண்ணி போடப் போனார். நான் என் பழைய பதிவுகளைத் திறந்தேன். அறுநூற்றுச் சொச்சம், எல்லாவற்றிலும் பிரபுவின் பெயர் மட்டும். முதலாவதிலிருந்து, சத்தமில்லாமல், அவள் பெயரைச் சேர்க்கத் தொடங்கினேன்.